கிளிக் இல்லாமல் பாடிய பாட்டைக் கிரிட்டுக்குள் அடைக்கலாமா?

வாசகரின் கடிதம், சுருக்கமாக

வீட்டிலேயே பாட்டுகளைப் பதிவு செய்து பழகும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய அக்கா கிடார் வாசித்துக்கொண்டே பாடிய ஐந்து நிமிடப் பாட்டு, கிளிக் (தாளம் காட்டும் ‘டிக் டிக்’ ஒலி) இல்லாமல் ஒரே டேக்கில் பதிவானது. முதல் சரணம் நிமிடத்துக்கு 84 பீட் அளவில் போகிறது. பல்லவியில் 92 வரை ஏறுகிறது. இரண்டாவது சரணத்தில் 85க்கு இறங்கி, கடைசிப் பல்லவியில் மறுபடி ஏறி, முடிவில் மெல்ல ஓய்கிறது.

இந்தப் பதிவை எம்பி3 கோப்பாக இரண்டு நண்பர்களுக்கு அனுப்பியிருக்கிறார். டிரம்ஸ் வாசித்தவர் அதை மடிக்கணினியில் ஓடவிட்டு, தன் வாசிப்பைத் தனி ரெக்கார்டரில் பதிந்து அனுப்பினார். அந்தக் கோப்பின் தொடக்கத்தைக் கையால் பொருத்தினால் ஒட்டுகிறது, முடிவில் சுமார் 30 மில்லிசெகண்ட் பின்தங்குகிறது. பேஸ் வாசித்தவர் பாட்டைப் புளூடூத் இயர்போனிலும் தன் வாசிப்பை நேராக ஆம்பிலும் கேட்டிருக்கிறார். அவருடைய டிராக் முதலிலிருந்து கடைசி வரை ஒரே அளவு தாமதமாக விழுகிறது.

ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் டெம்போவை (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற வேகத்தை) 88 என்று வைத்து, எல்லா டிராக்குகளிலும் ஒலியை நீட்டவும் சுருக்கவும் உதவும் ஸ்ட்ரெச் மார்க்கர் போட்டு, அவற்றை கிரிட்டில், அதாவது திரையில் சம இடைவெளியில் ஓடும் தாளக் கோடுகளில், ஒட்டவைத்துப் பார்த்திருக்கிறார். குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. டிரம்ஸ் இரட்டை அடியாகக் கேட்கிறது. இரண்டாவது சரணம் வரும்போது எல்லாமே குலைந்துபோகிறது. ஒரு நண்பர் ‘சாம்பிள் ரேட் கோளாறு’ என்கிறார் (வினாடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து பதிகிறோம் என்ற எண்தான் சாம்பிள் ரேட்). இன்னொருவர் ‘அழித்துவிட்டுக் கிளிக் வைத்துப் புதிதாக எடு’ என்கிறார். ஆனால் அக்கா சில மாதங்களுக்குப் பாடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அக்காவோ, “தப்பு என் மேலதான், எனக்குத் தாளம் நிற்காது” என்று வருந்துகிறாராம். இந்தப் பதிவைக் காப்பாற்ற முடியுமா என்பது கேள்வி.

என் பதில்

அன்புள்ள வாசகருக்கு,

காப்பாற்றலாம். அசல் கோப்புகளை அழிக்காமல் வைத்திருப்பதாகக் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபிறகுதான் எனக்கு நிம்மதியாயிற்று. இப்போதிருக்கும் ப்ராஜெக்ட்டை அப்படியே மூடிவையுங்கள். அதில் போட்ட மார்க்கர்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்ய உட்கார வேண்டாம். புதிய ப்ராஜெக்ட் ஒன்றைத் திறந்து, யாரும் நீட்டாத சுருக்காத அசல் கோப்புகளை மட்டும் அதில் போடுங்கள்.

முதலில் அந்த சாம்பிள் ரேட் சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். 44,100 ஹெர்ட்ஸில் பதிவான கோப்பை 48,000 என்று தவறாகப் படித்தால், ஒலி கிட்டத்தட்ட 8.8 சதவீதம் வேகமாகும், சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் (அரைச்சுரம்) மேலே போகும். ஐந்து நிமிடக் கோப்பு 24 வினாடி முன்னதாகவே முடிந்திருக்கும். நீங்கள் சொல்லும் 30 மில்லிசெகண்ட் எங்கே, 24 வினாடி எங்கே! நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் உங்கள் பாட்டின் கோளாறு அது கிடையாது.

88 என்ற எண் செய்த வேலை

84க்கும் 92க்கும் நடுவே 88 இருக்கிறது, எனவே இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தினால் போதும் என்று நினைத்திருக்கிறீர்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் படும். கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறு படம் தெரியும்.

84 டெம்போவில் ஒரு பீட்டின் நீளம் 714 மில்லிசெகண்ட். 88ல் அது 682. ஒவ்வொரு பீட்டுக்கும் 32 மில்லிசெகண்ட் வித்தியாசம் சேர்ந்துகொண்டே போகிறது. முதல் பீட்டை மிகச் சரியாகப் பொருத்தியிருந்தாலும், அடுத்த மூன்று பீட் தாண்டுவதற்குள் அக்காவின் கிடார் கிரிட்டை விட்டு 97 மில்லிசெகண்ட் விலகியிருக்கும். ஒரு பீட்டை நான்காகப் பிரிக்கும் கோடுகளுக்கு ஒட்டவைத்திருந்தால், 88ல் அந்தக் கோடுகளுக்கு இடையே 170 மில்லிசெகண்ட்தான். அதில் பாதி 85. அதைத் தாண்டியவுடன் அந்த அடிக்குப் பக்கத்தில் இருப்பது அடுத்த கோடாகிவிடுகிறது. ரீப்பருக்குப் பாட்டு தெரியாது, பக்கத்தில் இருக்கும் கோடு எது என்பது மட்டும்தான் தெரியும். அதனால் சரியான அடியைத் தவறான இடத்தில் கொண்டுபோய் ஒட்டியது. ஒரு நிமிடம் முடியும்போது அக்கா 84 பீட் வாசித்திருப்பார், கிரிட் 88 எண்ணியிருக்கும். நான்கு பீட், அதாவது முழுசாக ஒரு பார் (ஒரு தாளச் சுற்று) வித்தியாசம். இரண்டாவது சரணம் குலைந்ததில் ஆச்சரியமே இல்லை.

குரல் தண்ணீருக்குள் போனதும் இதனால்தான். நேரத்தை நீட்டும் மென்பொருள்கள், ஒலியைச் சிறு துண்டுகளாகவோ அலைக்கூறுகளாகவோ பிரித்து, அவற்றைத் திரும்ப அடுக்குகின்றன. ‘க’, ‘ட’ போன்ற வல்லின ஒலிகள் கண நேரத்தில் வெடிப்பவை. அவற்றை நீட்டினால் மழுங்கிவிடும். ஒரு எழுத்தை நீட்டி, அடுத்த எழுத்தைச் சுருக்கி, அதற்கடுத்ததை மறுபடி நீட்டினால் எவ்வளவு நல்ல குரலும் அப்படித்தான் கேட்கும். உங்கள் மென்பொருளையோ மைக்கையோ சந்தேகப்பட வேண்டாம்.

மூன்று வேறு கோளாறுகள்

நீங்கள் ‘டைமிங் பிரச்சினை’ என்று ஒரே பெயரில் எழுதியிருப்பவை உண்மையில் மூன்று. நோய் எதுவென்று தெரியாமல் ஒரே மருந்தைக் கொடுத்ததுதான் இவ்வளவு குழப்பத்துக்கும் காரணம். பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. பாட்டின் தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்று இடங்களில் விலகலை அளந்து பாருங்கள். மூன்றிலும் ஒரே அளவு என்றால் அது தாமதம். சீராக வளர்ந்துகொண்டே போனால் கடிகார விலகல். ஒரு இடத்தில் முந்தி, ஒரு இடத்தில் பிந்தி, ஒழுங்கில்லாமல் இருந்தால் அது மனிதக் கை.

பேஸ் டிராக்கில் இருப்பது தாமதம். புளூடூத் இயர்போன்கள் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரித்துக் கொடுப்பதற்குள் நூறு, இருநூறு மில்லிசெகண்ட் ஓடிவிடுவது சாதாரணம். உங்கள் நண்பர் சரியாகத்தான் வாசித்தார். தாமதமாகக் காதில் விழுந்த பாட்டுக்குச் சரியாக வாசித்தார், அவ்வளவுதான். எம்பி3 ஆக மாற்றும்போது கோப்பின் தலைப்பில் ஒரு குட்டி மௌனமும் சேர்ந்துகொள்ளும். அதனால் இப்படி அனுப்பும்போது சுருக்காத வேவ் கோப்பே நல்லது. இந்த டிராக்குக்கு ஸ்ட்ரெச் எதுவும் தேவையில்லை. முழு டிராக்கையும் அப்படியே இடது பக்கம் நகர்த்தினால் போதும். ஒரே ஒரு அடியை வைத்து அளக்காதீர்கள். கிடாரும் பேஸும் சேர்ந்து விழும் எட்டுப் பத்து இடங்களை எடுத்துச் சராசரி பாருங்கள், பிறகு காதால் கேட்டு முன்பின் சரிசெய்யுங்கள்.

டிரம்ஸில் இருப்பது கடிகார விலகல். ஒவ்வொரு ஒலிக்கருவிக்குள்ளும் ஒரு கடிகாரம் இருக்கிறது, எந்த இரண்டு கடிகாரங்களும் நூற்றுக்கு நூறு ஒன்றாக ஓடுவதில்லை. மடிக்கணினியில் பாட்டு ஓடியது, ரெக்கார்டரில் பதிவு ஓடியது. 300 வினாடியில் 30 மில்லிசெகண்ட் என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். அந்த டிராக்கைத் தேர்ந்து, ஐட்டம் ப்ராப்பர்ட்டீஸில் பிளேபேக் ரேட்டை 1.0001 என்று வையுங்கள். சுருதியைக் காப்பாற்றும் ‘பிரிசர்வ் பிட்ச்’ தேர்வை நீக்கிவிடுங்கள். அப்போது டேப்பை ஒரு மயிரிழை வேகமாக ஓட்டுவதுபோல் ஆகும். சுருதி மாறும்தான், ஆனால் ஒரு செமிடோனில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இருக்காது, எந்தக் காதுக்கும் எட்டாது. ஸ்ட்ரெச் செய்வதால் வரும் மழுங்கலும் கிடையாது.

30 என்ற அளவு துல்லியமானதா என்ற சந்தேகம் இருந்தால், டிரம்ஸ் நண்பரிடம் ஒரு உதவி கேளுங்கள். பத்து நிமிடம் ஓடும் கிளிக் கோப்பு ஒன்றை அனுப்பி, அதே மடிக்கணினியில் ஓடவிட்டு அதே ரெக்கார்டரில் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள். முதல் கிளிக்குக்கும் கடைசிக் கிளிக்குக்கும் உள்ள தூரத்தை அசல் கோப்போடு ஒப்பிட்டால், மனிதக் கையின் ஏற்ற இறக்கம் கலக்காத சரியான எண் கிடைத்துவிடும். இன்னொன்று, டிரம்ஸ் மைக்குகளில் அவருடைய ஹெட்போன் சத்தம் லேசாகக் கசிந்து பதிவாகியிருக்கலாம். அக்காவின் குரல் எங்காவது மெலிதாகக் கேட்கிறதா என்று மௌனமான இடங்களில் தேடுங்கள். கேட்டால் அது புதையல், அதை அசல் குரலோடு ஒட்டவைத்தாலே எல்லாம் பொருந்திவிடும்.

இந்த இரண்டையும் முடித்துவிட்டுப் பாட்டை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். உங்கள் குறைகளில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும் என்று நினைக்கிறேன். மீதி இருப்பது மூன்றாவது, மனிதக் கை. அதற்குத்தான் கிரிட் வேண்டும், அதுவும் பாட்டுக்கேற்ற கிரிட்.

கிரிட்டைப் பாட்டுக்கு வளைப்பது

பாட்டை கிரிட்டுக்குள் இழுப்பதற்குப் பதில், கிரிட்டைப் பாட்டின்மேல் விரிக்க வேண்டும். இதை டெம்போ மேப் என்பார்கள். ரீப்பர், க்யூபேஸ், புரோ டூல்ஸ், லாஜிக் என எல்லாவற்றிலும் இதற்கு வழி உண்டு.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் ‘டைம்பேஸ்’ என்ற இடத்தில் ‘டைம்’ என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள். அது ‘பீட்ஸ்’ என்று இருந்தால், நீங்கள் டெம்போவை மாற்றும்போதெல்லாம் ஒலித் துண்டுகளும் சேர்ந்து நகரும். உங்களைப் போன்றவர்கள் பாதி வேலையில் வெறுத்துப்போய் விட்டுவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அப்புறம், அக்காவின் கிடாரைத் தலைமை டிராக்காக வைத்துக்கொள்ளுங்கள். குரலை வைத்து மேப் போடக் கூடாது. நல்ல பாடகர்கள் தாளத்துக்குச் சற்றுப் பின்னாலோ முன்னாலோ பாடுவார்கள், அழகே அதில்தான் இருக்கிறது. கிடாரின் ஒரு பாரின் முதல் அடியிலிருந்து அடுத்த பாரின் முதல் அடி வரை தேர்ந்து, ‘கிரியேட் மெஷர் ஃப்ரம் டைம் செலக்‌ஷன்’ என்ற ஆக்‌ஷனைக் கொடுங்கள். ரீப்பரே அந்த இடத்தின் டெம்போவைக் கணக்கிட்டுக்கொள்ளும். நான்கு பீட் பார் என்றால் 84ல் அதன் நீளம் 2.86 வினாடி, 92ல் 2.61. இதற்கு வெகுதூரம் விலகி ஏதாவது எண் வந்தால் தவறான அடியைப் பிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஐந்து நிமிடப் பாட்டுக்குச் சுமார் 110 பார் வரும். ஒரு மாலைநேர வேலை.

பீட்டுக்கு ஒரு குறி போடாதீர்கள். பாருக்கு ஒன்று போதும், சீராகப் போகும் இடங்களில் இரண்டு பாருக்கு ஒன்றுகூடப் போதும். ஒவ்வொரு பீட்டுக்கும் குறி போட்டால், விரலின் சின்னத் தடுமாற்றங்கள் எல்லாம் டெம்போ என்று மேப்பில் ஏறிவிடும். மென்பொருள் தானாகவே டெம்போவைக் கண்டுபிடிக்கும் வசதியை முதல் வரைவுக்குப் பயன்படுத்தலாம், நம்பிவிடக் கூடாது. 84ஐ 168 என்றோ 42 என்றோ எடுத்துக்கொள்வது அதன் வழக்கமான பிழை. முடிவில் பாட்டு ஓயும் அந்த நான்கைந்து பாரில் மட்டும் பீட்டுக்கு ஒரு குறி தேவைப்படலாம்.

மேப் முடிந்ததும் மெட்ரோனோமை ஓடவிட்டுக் கேளுங்கள். கிளிக் அக்காவோடு ஏறி, அக்காவோடு இறங்க வேண்டும். எங்காவது அவர் மென்பொருளைத் துரத்துவதுபோல் கேட்டால் அந்தப் பாரைத் திரும்பப் பாருங்கள்.

கத்தி எங்கே படலாம்

இப்போதும் எல்லாவற்றையும் ஒட்டவைக்கும் பொத்தானைத் தேட வேண்டாம். திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். கோடுகளைப் பார்த்துக்கொண்டே கேட்டால் இல்லாத பிழையெல்லாம் காதில் விழும். கிடாரும் டிரம்ஸும் சேர்ந்து விழ வேண்டிய இடத்தில் இரட்டையாகக் கேட்டால் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். விலகல் 15, 20 மில்லிசெகண்டுக்குள் இருந்து, கேட்கவும் நன்றாக இருந்தால் நான் தொடுவதில்லை.

திருத்தும்போது டிரம்ஸையும் பேஸையும் நகர்த்துங்கள், குரலை நகர்த்தாதீர்கள். நீட்டுவதைவிட வெட்டி நகர்த்துவது மேல். அடிக்குச் சற்று முன்னால் வெட்டி, துண்டை இடத்தில் வைத்து, இடைவெளியைச் சின்னக் கிராஸ்ஃபேடால் (ஒரு துண்டு தேய, மற்றது எழும்படி கலப்பது) மூடினால் அடியின் கூர்மை அப்படியே இருக்கும்.

டிரம்ஸ் எத்தனை மைக்கில் பதிவானது என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்றுக்கு மேல் என்றால் எல்லா மைக்குகளின் துண்டுகளையும் தேர்ந்து, ‘ஜி’ விசையை அழுத்திக் குழுவாக்கிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகிறது. ஸ்னேர் என்ற டிரம்மின் அடி அதன் பக்கத்து மைக்கில் ஒரு நேரத்திலும், மேலே தொங்கும் மைக்கில் சற்றுப் பிந்தியும் விழுந்திருக்கும். அந்த உறவைக் குலைத்து ஒரு மைக்கை மட்டும் நகர்த்தினால் அடி மெலிந்துபோகும், சில சமயம் இரண்டாகக் கேட்கும். உங்கள் முதல் முயற்சியில் டிரம்ஸ் இரட்டை அடியானதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

குரலில் ஏதாவது ஒரு வரி நிஜமாகவே தடுக்கினால், மூச்சு எடுக்கும் இடத்தில் வெட்டி அந்த வரியை முழுதாக நகர்த்துங்கள். ஆனால் அக்கா பாடிக்கொண்டே வாசித்திருப்பதால் குரல் மைக்கில் கிடாரும், கிடார் மைக்கில் குரலும் கட்டாயம் கலந்திருக்கும். குரலை மட்டும் நகர்த்தினால் கிடார் இரண்டாகக் கேட்கும். இரண்டு டிராக்குகளையும் சேர்த்தே வெட்டுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். நான் என்றால் விட்டுவிடுவேன்.

புதிதாக எடுக்கலாமா?

கிளிக் வைத்து எல்லாவற்றையும் புதிதாக எடுக்கச் சொன்ன நண்பரின் யோசனையில் பாதி சரி. அக்காவின் பதிவைத் தொடத் தேவையில்லை. ஆனால் டிரம்ஸும் பேஸும் வாசித்த நண்பர்கள் இருவரும் சம்மதித்தால், நீங்கள் செய்த டெம்போ மேப்பிலிருந்தே ஒரு கிளிக் டிராக் எடுத்து, அக்காவின் குரல், கிடாரோடு வேவ் கோப்பாக அனுப்புங்கள். கேட்பது கம்பி உள்ள ஹெட்போனில் இருக்கட்டும். பாட்டை ஓட்டுவதும் பதிவதும் ஒரே கணினியில், மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் ஒரே ஆடியோ இன்டர்ஃபேஸில் நடக்கட்டும். தாமதமும் கடிகார விலகலும் அப்போதே பெருமளவு ஒழிந்துவிடும். பாட்டுக்கு முன் இரண்டு பார் கிளிக் எண்ணிக்கை இருக்கட்டும், பொருத்த வசதியாக இருக்கும். மூன்று நாள் உட்கார்ந்து எடிட் செய்வதைவிட, நல்ல வாசிப்பு ஒன்றைப் புதிதாக வாங்குவது பல நேரம் சுலபம்.

நண்பர்களால் முடியாது என்றால் மேலே சொன்ன திருத்தங்களைச் செய்யுங்கள். ஆனால் வெளியிடும் முன் இருவருக்கும் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் நகர்த்துவது அவர்களுடைய கையை. மதிப்பைக் கெடுக்கும்படி தங்கள் பதிவான வாசிப்பை மாற்றுவதை எதிர்க்கக் கலைஞர்களுக்கு உரிமை உண்டு என்று 1996ஆம் ஆண்டின் உலக அறிவுசார் சொத்து அமைப்பு ஒப்பந்தமே சொல்கிறது. உங்களுக்குள் அந்த அளவுக்குப் போகாதுதான். இருந்தாலும் ‘இந்த நான்கு இடத்தில் உன் ஸ்னேரை நகர்த்தியிருக்கிறேன், கேட்டுப் பார்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நட்பில் உரசல் வராது.

கடைசியாக அக்கா சொன்ன வார்த்தை. தாளம் நிற்காதவர்கள் எப்படி வாசிப்பார்கள் என்றால், ஓட ஆரம்பித்தால் ஓடிக்கொண்டே இருப்பார்கள், 84ல் தொடங்கி 100ல் போய் முடிப்பார்கள், திரும்பி வர மாட்டார்கள். உங்கள் அக்கா பல்லவிக்கு 92 ஏறி, அடுத்த சரணத்தில் எந்தத் துணையும் இல்லாமல் 85க்கு வந்து இறங்கியிருக்கிறார். தொடங்கிய இடத்துக்கும் அதற்கும் ஒரே ஒரு பீட் வித்தியாசம். காலப்பிரமாணம் உள்ளுக்குள் உட்கார்ந்திருப்பவர்களால்தான் இது முடியும். பல்லவியில் அவர் வேகம் பிடிப்பது பாட்டு கேட்பதால்.

மேப் முடிந்ததும் ஒவ்வொரு பகுதியின் டெம்போவையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி அவரிடம் கொடுங்கள். அவரே பார்க்கட்டும்.